'எப்படி' பெட்டியும் சம்பந்தியம்மா தின்ற வடையும்

ஒருவரை அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவருக்குப் புரியாத மொழியில் திட்டுவதைப் போன்ற சுகம் உலகத்தில் வேறு கிடையாது. அந்தச் சுகத்தை நான் ஒரு சாயங்காலம்வரைதான் அனுபவித்தேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் உள்ளே நுழைவதற்குள் யாராவது ஒருவர் மைக்கை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்.

அப்போது காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் தேடியது அவர்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.) இங்கிலீஷ் பேச வந்தால் வேலை தானாக வரும் என்று யாரோ சொல்ல, பெரம்பலூரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். கீழே மோட்டார் ரிப்பேர் கடை, மாடியில் நாங்கள். சொல்லிக்கொடுத்தவர் ஆரோக்கியம் சார், ஏலாக்குறிச்சிக்காரர். கீழே ஓடும் மோட்டாரோடு போட்டி போட்டுக் கத்தியே பழகியதால், டீ வேண்டும் என்பதைக்கூட அவர் பிரசங்கம் மாதிரிதான் சொல்வார்.

சாருக்கு இலக்கணப் புத்தகம் ஆகாது. வினையுரிச்சொல், எச்சம், பிரதிப்பெயர் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், போர்டில் மூன்று பெட்டி போடுவார். முதல் பெட்டிக்கு 'எப்படி' என்று பெயர். ஸ்லோலி, ஹேப்பிலி, ஆங்க்ரிலி எல்லாம் அதில் குடியிருக்கும். இரண்டாவது பெட்டி 'செஞ்சுக்கிட்டு'. ஈட்டிங், சிட்டிங், சூயிங். மூன்றாவது 'யாரு'. ஹி, ஷி, தே. மூன்றையும் வரிசையாகக் கோத்துவிட்டால் மிச்ச வாக்கியம் தானாக வந்து சேரும் என்பது சாரின் நம்பிக்கை.

"கண்ணுல படுறதையெல்லாம் பெட்டியில போடு. தெனமும் வாய்ஸ் மெசேஜ் வந்தாகணும்" என்பார். கல்யாணம், காதுகுத்து என்று லீவு கேட்டால் கோபம் வந்துவிடும். "விசேஷத்துலதாம்மா 'யாரு' பெட்டி நெறையும்!"

நானும் கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் போட்டேன். பஸ் கண்டக்டரைப் போட்டேன், எதிர்வீட்டுக்காரரைப் போட்டேன். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அரியலூரில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை வீடு ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரித் தோப்பு, கார் என்று எங்களைவிட வசதியானவர்கள். முதலில் வந்த இரண்டு வரன்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது நல்லபடியாகத் தட்டு மாற வேண்டுமே என்று அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கேசரி, வடை, காபி கொடுத்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வடையை வாயில் போட்டுக் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு மென்றார். பக்கத்தில் சம்பந்தி ஐயா, அவரிடம் கேட்காமல் காபிகூட எடுக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசல் பக்கம் போய், போனை எடுத்து, அன்றைய ஹோம்வொர்க்கை முடித்து சாருக்கு அனுப்பினேன். போனில் சார்ஜ் இல்லை. மண்டபத்தில் வேலை செய்த ஒரே பிளக் மைக்செட்காரரின் மேஜையில்தான் இருந்தது. அங்கே போட்டுவிட்டுக் கேசரி சாப்பிடப் போனேன்.

எங்கள் தாய்மாமா மேஜையைக் கடந்து போகும்போது, சாரிடமிருந்து "எக்ஸலண்ட்" என்று பதில் வந்து திரை மின்னியது. மாமா என் போனைத் திறந்து, நான் பேசி அனுப்பியிருந்ததைக் கேட்டார். அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. தெரியாததனாலேயே புல்லரித்துப் போனார். சம்பந்தி வீட்டு வசதிக்கு எதிரே எங்கள் பக்கம் பெருமையாகக் காட்ட ஒன்றும் இல்லையே என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தவர், மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் கவனிங்க! பொண்ணோட தங்கச்சி, எங்க அக்கா மக, எப்புடி இங்கிலீஷ் பேசுதுன்னு கேளுங்க!"

போனை மைக்குக்கு நேராக வைத்தார். மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது.

"ஸ்லோலி ஈட்டிங், தே ஆர் ஃபினிஷிங் அவர் கேசரி."

வாயில் வைத்த கேசரி அப்படியே நின்றது.

"ஆங்க்ரிலி சூயிங், ஷி இஸ் ஹேட்டிங் அவர் வடை. சைலன்ட்லி சிட்டிங், ஹி இஸ் ஃபியரிங் ஹெர்."

ஐயோ, கைதட்டினார்கள்! எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தியம்மாகூடத் தட்டினார். அந்தக் கைதட்டலில் எனக்குக் காதடைத்துப் போனது. மாமா போனைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் பூரித்துப்போய் நின்றார்.

"நல்லா பேசுது பாப்பா. என்னா சொல்லுது?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"உங்களைத்தான் வரவேத்துப் பேசுதுங்க" என்றார் மாமா, கொஞ்சம்கூடக் கூசாமல். பிறகு மைக்கை என் கையில் திணித்தார். "தமிழ்ல சொல்லு புள்ள."

கையெல்லாம் வேர்த்து மைக் வழுக்கியது. "அன்போடு வந்திருக்கும் சம்பந்தி வீட்டார் அனைவரையும்..." என்று ஆரம்பித்தேன்.

"வடைன்னு வந்துச்சே?"

"வடை... சாப்பிட்டு மகிழுமாறு..."

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவர் காதர் பாய். லப்பைக்குடிகாட்டுக்காரர், சம்பந்தி ஐயாவின் சிநேகிதர், துபாயில் பல வருஷம் கடை பார்த்தவர். நான் இவ்வளவு நேரமாகக் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். மண்டபத்திலேயே கைதட்டாதவர் அவர் ஒருவர்தான்.

"பாய், நீங்க சொல்லுங்க."

"பந்திக்கு நேரமாச்சே தங்கச்சி..."

"நீங்க மாத்திப் பேச மாட்டீங்கன்னுதான் பொண்ணு கேக்கவே உங்களைய முன்னால அனுப்புனோம்."

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு மூன்று வாக்கியத்தையும் ஒரு சொல் குறையாமல் சொன்னார். மெதுவாகத் தின்றுகொண்டு எங்கள் கேசரியைத் தீர்க்கிறார்கள். கோபமாக மென்றுகொண்டு எங்கள் வடையை வெறுக்கிறார். பேசாமல் உட்கார்ந்துகொண்டு இவருக்கு அவர் பயப்படுகிறார்.

தட்டு இன்னும் மாறவில்லை. மேடையில் அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஆரோக்கியம் சாரிடமே பெட்டி கிடையாது. மூன்றாவது வரனும் போச்சு, இந்தத் தடவை என் வாயால் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

முதலில் ஒரு விக்கல் சத்தம். பார்த்தால் சம்பந்தி ஐயா! வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "நான் பயப்படுறது இங்கிலீஷ்காரன் வரைக்கும் தெரிஞ்சு போச்சா!"

"நீங்க சும்மா இருங்க" என்றார் சம்பந்தியம்மா. அவர் சும்மா இருந்தார்.

"ஏம்மா, நான் கோவமா மென்னதைப் பாத்தியா நீ?" என்று என்னிடம் வந்தார். "கடவாப் பல்லு ஒரு வாரமா உசுரு போவுது. வச்ச வடையத் தின்னாம வச்சா, பொண்ணு வூட்டைக் கேவலமா நெனச்சுட்டோம்னு ஆயிடும். அதுக்காவ வலியோட மென்னு முழுங்குனேன்." வாயைத் திறந்து காட்டினார். கன்னத்துக்குள் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. பார்த்த எனக்கே பல் கூசியது. எங்களுக்குக் கொடுத்த மரியாதையைத்தான் நான் மைக்கில் போட்டுத் திட்டியிருக்கிறேன்! பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அரியலூர்த் தரை சிமெண்டுத் தரை, பிளக்கவில்லை.

"இன்னும் மிச்சம் இருந்துச்சே, அதையும் போடு" என்றார்.

"வேணாம் அத்தை" என்றேன். நிஜமாகவே அழுதுவிட்டேன். மாமா போனை அமுக்கினார்.

"ஹேப்பிலி ஸ்மைலிங், ஷி இஸ் ஃபர்கெட்டிங் மீ."

பாய் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "இது கல்யாணப் பொண்ணைச் சொல்லுது தங்கச்சி. சந்தோசமா சிரிச்சுக்கிட்டு, அக்கா என்னைய மறந்துகிட்டு இருக்குன்னு சொல்லுது."

மேடையிலிருந்து அக்கா எழுந்தேவிட்டாள். "சந்தோசமாவா? பயமா இருக்குடி எனக்கு! புது எடத்துல போயி யார்கூடப் பேசுவேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. சிரிக்கலன்னா போட்டோக்காரன் திட்டுறான்!" சொல்லிவிட்டு, போட்ட மேக்கப் எல்லாம் கரையும்படி அழுதாள். நானும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் அழுதார்கள். அவர்கள் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சம்பந்தியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பாப்பா பாக்குறதெல்லாம் சரியாத்தான் பாக்குது. எப்படிங்கிறதை மட்டும் கேட்டுட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றார். பிறகு, "தட்டை எடுங்க, நேரமாவுது" என்றார்.

தட்டு மாறியது. அடுத்த வாரம் அவரை அரியலூர்ப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்குத் தண்டனையாக வந்தது. பல்லைப் பிடுங்கும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். (கொஞ்சம் பலமாகவே பிடித்தார்.) இப்போதும் அவர் வீட்டில் யார் வடை தின்றாலும், வாயில் போடும் முன் என் பக்கம் திரும்பி, "ஆங்க்ரிலி இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மெல்லுகிறார்கள். இங்கிலீஷ் தெரியாத சின்னக் குழந்தைகள் உட்பட.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, மைக்கை அணைச்சு வை. பாப்பா வந்துருச்சு."

அதை அவர் எப்படிச் சொன்னார் என்று மட்டும் நான் எழுத மாட்டேன். அந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டுவிடுகிறேன்.