மூன்றாவது இயந்திரத்தின் சுறுசுறுப்பு

அன்புள்ள சித்திக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலமும் சித்தப்பாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். “ஆபீஸ்ல அப்படி என்னதான்டி பண்றே?” என்று போன மாதம் வீட்டு விசேஷத்தில் எல்லோர் முன்னும் கேட்டீர்கள். நான் பாயசம் பரிமாறும் சாக்கில் நழுவிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது பயணச்சீட்டு பதிவு செய்யும் நிலையம். பீரோ அளவில் நான்கு மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர்கள் கூட்டுக் குடும்பமாக இருக்கின்றன. யார் சீட்டு கேட்டாலும் அந்தக் கோரிக்கை முதலில் ஒரு பங்கீட்டு மென்பொருளுக்கு வரும். நால்வரில் யாருக்கு வேலை குறைவோ அவர் தலையில் அது கட்டிவிடும். அதைக் கண்காணிப்பவள் நான். இந்த மாதத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. மேலாளரோ, “வேலையில குறையில்லம்மா. ஆனா வாய்க்குப் பூட்டு போட்டிருக்கியே, எப்படி நிரந்தரம் பண்றது?” என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை மூன்றாவது இயந்திரத்துக்குள் ஏதோ அறுந்துபோய், கேட்டவருக்கெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் ‘முடியாது’ என்று சொல்லி அனுப்பத் தொடங்கியது. சொன்னதும் கை காலி. கை காலியானதும் பங்கீட்டு மென்பொருள், ஆகா, என்ன சுறுசுறுப்பு என்று மயங்கி ஊர்க்கூட்டத்தையே அதனிடம் திருப்பிவிட, மற்ற மூன்றும் ஈ ஓட்டின. மேலாளர் ஓடிவந்து திரையைப் பார்த்து, “மூணாவது ஒண்ணுதான் உழைக்குது. மத்த தூங்குமூஞ்சிங்களை நிறுத்துங்கப்பா!” என்றார். நான் முணுமுணுத்தேன், ஏசி சத்தம் விழுங்கிவிட்டது. துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினேன். மூத்த பொறியாளர் நன்றி சொல்லி அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். அவர் விரல் மற்ற மூன்றையும் நிறுத்தும் பொத்தானை நெருங்கியபோது என்னையறியாமல் கத்திவிட்டேன்: “ஐயோ சார், அது உழைக்கல! எல்லாரையும் விரட்டிட்டு சும்மா உக்காந்திருக்கு!”

அறையே திரும்பியது. “யாரு, நம்ம மௌனசாமியா?” என்றார் பொறியாளர்.

மூன்றாவதைப் பங்கீட்டிலிருந்து நீக்கியதும் பத்தே நிமிடத்தில் எல்லோருக்கும் சீட்டு கிடைத்தது. “வெள்ளிக்கிழமை ஆர்டர் வாங்கிக்கம்மா” என்றார் மேலாளர். இனி ஓய்வு பெறும்வரை, யாரோடும் பேசத் தேவையின்றி, இந்த நால்வரோடு நிம்மதியாகக் காலம் தள்ளுவேன், சித்தி.

சித்தப்பாவுக்கு வணக்கம். தம்பிகளின் தலையில் செல்லமாக ஆளுக்கொரு குட்டு.

உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆர்டர் வந்துவிட்டது. நிரந்தரம்தான். ஆனால், நெருக்கடியிலும் உரக்கத் தெளிவாகப் பேசுகிறேனாம்; அதைப் பாராட்டி, பயணிகளின் புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாளொன்றுக்கு நூற்றைம்பது அழைப்புகள். அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லுங்கள்.