மல்லிகைக் குச்சியும் இரண்டு கார்டுகளும்

கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை ஊதுபத்தியால் அளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் கிளிநொச்சியில், என் கடைக்கு நேர் எதிரே வந்து கடை போட்டார். இதை நான் தற்செயல் என்று ஒருநாளும் நம்பியதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே தொழில்: கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது. வெட்டி ஒட்டியதைக் கணினி ஒரே படமாக ஆக்கித் தர நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் குறைப்பதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. நான் அதை நிறுத்தற்கடிகாரத்தால் மூன்றுமுறை அளந்து, சராசரி எடுத்து, நாட்குறிப்பில் நீல மையால் எழுதுகிறவன். அவரோ கணினிக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். படம் முடியும்போது குச்சியைப் பார்த்து, “முக்கால்” என்பார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். ஊருக்கு அவர் ஊதுபத்தியார்.

ஒருநாள் ஒருவர் கொழும்பிலிருந்து பாவித்த கார்டுகள் இரண்டைக் கொண்டுவந்தார். எது நல்லது என்று என்னிடம் கேட்டார். இரண்டு பக்கத்தில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, றோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்.

“இது ஒண்டரை, அது முக்கால். முக்காலை வைச்சுக்கொள்ளும்,” என்றார் ஊதுபத்தியார். மனுசன் சந்தோசமாகப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, காத்தடிச்சால் குச்சி கெதியா எரியுமெல்லோ?” என்றேன்.

“அதுக்குத்தான் கதவைச் சாத்திறனான்.”

“குச்சிக்குக் குச்சி வித்தியாசம் வராதோ?”

“வரும். ரோசா பொய் சொல்லும். மல்லிகைதான் நேர்மை.”

அதே இரண்டு கார்டுகளையும் பிறகு இரவல் வாங்கி நானே அளந்தேன். ஒன்று மற்றதைவிடச் சரியாக இரண்டு மடங்கு வேகம். ஒன்றரை, முக்கால். அதை நாட்குறிப்பில் பென்சிலால் எழுதினேன்.

அந்தப் பென்சில் எழுத்து என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் புத்தம்புதிய கார்ட் ஒன்றை வாங்கினேன். அவருடையது ஐந்து வருசப் பழசு. மூன்று மாதம் நாள் தவறாமல் அளந்தேன். வேகம் கூடவில்லை. புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீற்றர் மெதுவாகத்தானே ஓடுகிறோம், கார்டும் பழகவேண்டும் என்று குறிப்பு எழுதிவைத்தேன். நீல மையால்.

அப்போதுதான் இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் தலைவர் வந்தார். மகளுக்குக் கலியாணம். காலையில் தாலி கட்டுவது பின்னேர வரவேற்பில் பெரிய திரையில் ஓடவேண்டும். அவர் ஒரு கடையைச் சொன்னால் அந்த வாய்க்கால் நெடுகப் பிறகு எந்தக் கலியாணமும் அந்தக் கடைக்குத்தான்.

“தம்பிமார், ரெண்டு பேருக்கும் ஒரே படம் தாறன். ஆர் கெதியா முடிக்கிறியளோ அவைக்குத்தான் கலியாணம்,” என்றார்.

முதலில் எதிர்க்கடை. ஒரு முழுக் குச்சி எரிந்து முடியப் படமும் முடிந்தது. பிறகு எல்லாரும் என் கடைக்கு வந்தார்கள். ஊதுபத்தியாரும் புதுக் குச்சியோடு வந்து, கேட்காமலே அதைக் கொளுத்தி என் கணினியின் பின்பக்கத் துளைகளுக்கு நேரே வைத்தார். நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

கால் குச்சி எரிந்தது. என் படம் பத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை. தலைவர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார். ஊதுபத்தியார் திரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, தம்பி இப்ப ஒத்திகைதான் பாக்கிறார். நீங்கள் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்கோ, பிறகு அசலைக் காட்டுவார்,” என்றார்.

தலைவர் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, புகை நேரே மேல போகுது. கார்டின்ரை காத்தாடி சுத்தேல்லை. அது நல்ல நித்திரை.”

கணினியைத் திருப்பினார். திரையின் வயர் கணினியின் பழைய துளையிலேயே செருகிக் கிடந்தது. புதுக் கார்டின் துளைகளில், கடையில் தந்தபடியே, சின்ன ரப்பர் மூடிகள்.

“உது என்ன மூடி?”

“தூசி போகாமல் இருக்க, அண்ணை. கழட்டினால் புதுசு பழுதாப் போயிடும் எண்டு...”

“மூண்டு மாசமா மூடியைக் காப்பாத்தியிருக்கிறீர்,” என்றார்.

மூடியைக் கழற்றி வயரை மாற்றினார். புதுக் கார்டைப் பாவிக்கும்படி கணினித் திரையில் ஓர் இடத்தில் சரி போட்டு, புதுக் குச்சி ஒன்றைக் கொளுத்திவிட்டு, படத்தைத் திரும்ப ஓடவிட்டார். சிறிது நேரத்தில் காற்றாடி இரைந்தது. புகை சாய்ந்து அவர் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே சிரித்தார்.

தலைவர் வந்து பார்த்தபோது படம் முடிந்திருந்தது; அரைக் குச்சிதான் எரிந்திருந்தது. கலியாணம் எனக்கு.

தலைவர் போனபின் ஊதுபத்தியாரிடம் கேட்டேன்: “ஏன் அண்ணை சொன்னனீங்கள்? பேசாமல் இருந்திருந்தால் உங்களுக்கெல்லோ வந்திருக்கும்?”

“பொறாமையிலைதான். இப்பிடியொரு கார்ட் என்னட்டை இல்லையே எண்டு மூண்டு மாசமா எரிஞ்சுகொண்டிருக்கிறன். அது இஞ்சை சும்மா படுத்துக் கிடக்கிறதைப் பாக்கேலாமல் போச்சு.”

வரவேற்பில் படம் பிசகில்லாமல் ஓடியது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “ஊதுபத்தியார் பாத்துச் சரி சொன்ன கார்ட்டிலை செய்த படம்!” என்றார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஊதுபத்தியார் எழுந்து கும்பிட்டார். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இதை அன்றே குறித்துவைத்திருக்கிறேன்.

சென்ற வருடம் ஊதுபத்தியார் கடையை மூடிக்கொண்டு, நெளுக்குளம் என்ற ஊரில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது மிச்ச மல்லிகைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் காலையில் கணினிக்குப் பின்னால் கொளுத்துவேன். வாடிக்கையாளர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். நாட்குறிப்பில் வினாடிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு நிரல் இருக்கிறது: அரை, முக்கால், ஒன்றே கால். அதுவும் நீல மையில்தான்.

போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். அங்கே பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் புதுக் கார்ட் வாங்கியிருக்கிறாராம்; இவர் நாள்தோறும் போய்க் குச்சி கொளுத்தி வைத்துவிட்டு அங்கேயே இருந்து பேப்பர் படிக்கிறாராம். அந்தக் கடைக்காரரை நான் கண்டதில்லை. பெயரும் தெரியாது. ஆனால் கதைத்து முடித்ததிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்கு ஒரே எரிச்சலாக இருக்கிறது.