சுத்தியல் பிடிக்கும் தூண்டில்

கம்போங் ஆயர்,
ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு

அன்பும் பண்பும் புது வீடும் உடைய மைத்துனன் மத்தாலிக்கு, உன் அக்காள் புருஷன் ஜலுதீன் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா மஸ்னாவும் ஆற்றுக்கு மேலே, கால் நட்ட பலகை வீட்டில் சுகம். அவ்விடம் கோலா பெலாயிட்டில் நீயும் உன் வீட்டாரும் மண்ணுக்கு மேலே சுகமாக இருக்க துஆ செய்கிறோம். "மச்சான், வீட்டு ரிப்பேருக்குக் கொறஞ்ச விலையில என்னென்ன சாமான் வாங்கலாம், எது வாங்குனா காசு தண்டம்?" என்று போனில் கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். போன ரமலான் முழுக்க நோன்பு பிடித்தது போக நான் செய்தது அந்த ஆராய்ச்சி ஒன்றுதான்.

அது எப்படி ஆரம்பித்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நோன்புக்கு முந்தின வாரம் உன் அக்கா மீன் சட்டியோடு திரும்பினாள். அடுப்படிப் பலகை ஒன்று உளுத்துப்போய் இருந்திருக்கிறது, எனக்கும் தெரியாது, பலகைக்கும் தெரியாது. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று, செருப்பை மட்டும் ஆறு வாங்கிக்கொண்டது. மகள் சுரியானி கரையிலிருந்து ஓடி வந்தாள். "ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. ராயாப் பெருநாளுக்குள்ள இந்தத் தரை கெட்டியாகணும். ஒரு அரிசி கீழ விழக் கூடாது. இல்லேன்னா மூட்டையைக் கட்டி என் வீட்டுக்கு வந்துருங்க, அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்று சட்டம் போட்டாள். நான் உன் அக்காவைப் பார்த்தேன். அவள் காலுக்கு மருந்து தடவிக்கொண்டே "சரி" என்றாள். அந்தச் 'சரி' எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. மத்தாலி, நான் நில அளவை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆயுசெல்லாம் மண்ணைத் தாளில் பார்த்துவிட்டு, படகேறி வந்து தண்ணீர் மேல் தூங்கியவன். மதியத்தில் படுத்தால் பலகை இடுக்கு வழியாக ஆற்று வெளிச்சம் வந்து கூரையில் நெளியும். அதைப் பார்த்துக்கொண்டே கண் செருகும் பார், அந்தத் தூக்கத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை. இதை உன்னிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

தச்சனைக் கூப்பிடக் கூடாதா என்பாய். ராயா நெருங்கும்போது தச்சனைப் பிடிப்பதைவிடப் பிறையைப் பார்ப்பது சுலபம். ஆகவே நானே கடைக்குப் போனேன். முதல் பாடத்தை எழுதிக்கொள்: நோன்பு வயிற்றோடு கடைக்குப் போகாதே, சுத்தியல்கூட ருசியாகத் தெரியும். எந்தச் சாமானை எடுத்தாலும் ஒரே விலை என்று ஒரு கடை, பெயர் வேண்டாம், கடைக்காரன் நல்லவன். அங்கே ஒரு நாசி காத்தோக் சோற்றுப் பொட்டலத்தின் விலைக்குச் சுத்தியல் கிடைத்தது. பொட்டலத்தில் கோழித் துண்டாவது இருக்கும். மூன்றாவது அடியில் சுத்தியலின் தலை கழன்று, ஓட்டை வழியாக, ஒரு வார்த்தை சொல்லாமல் ஆற்றுக்குள் போய்விட்டது. என் கையில் பிடி மட்டும். உன் அக்கா எட்டிப் பார்த்து, "ஏங்க, ஆணி அடிக்கிறீங்களா, இல்ல ஆணிக்கு விசிறி விடுறீங்களா?" என்றாள். அடுத்தது திருப்புளி. அதை வைத்துத் திருகினேன், திருகாணி அப்படியே இருந்தது, திருப்புளி முறுக்கிக்கொண்டது. டேப்பு இழுத்தால் வரும், விட்டால் உள்ளே போகாது. கை வியர்வை பட்டு இரண்டே நாளில் எண்களெல்லாம் அழிந்து வெறும் மஞ்சள் நாடாவாகிவிட்டது. எங்கள் ஆபீசில் இப்படி ஒரு டேப்பு இருந்திருந்தால் நாட்டில் பாதி வழக்கு வந்திருக்காது. பலகைப் பசை என்று ஒரு டப்பா வாங்கினேன், நம் அம்புயாத்துக் கூழ் ஒட்டுகிற அளவுக்குக்கூட அது ஒட்டவில்லை. ரசமட்டம் ஒன்று வாங்கினேன், அதில் மட்டும் எனக்கு ரொம்பத் திருப்தி. தரையில் வைத்தேன், குமிழ் சரியாக நடுவில். சுவரில் வைத்தேன், நடுவில். படகுத்துறைக்கு இறங்குகிற சாய்வுப் பலகையில் வைத்தேன், அப்போதும் நடுவில்! நம் வீட்டில் கோணல் என்பதே இல்லை என்று பூரித்துப்போய் உன் அக்காவைக் கூப்பிட்டேன். "அதைக் கொண்டுவந்து என் முதுகுல வைங்க, நான் இன்னும் கொமரின்னு சொல்லும்" என்றாள். குமிழ் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆனாலும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எல்லாம் நேராக இருக்கிறது என்று சொல்கிற சாமான் வீட்டில் ஒன்று இருக்கட்டுமே.

இப்படி வாங்கியதெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டை வழியே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஒரு யோசனை செய்தேன். மிச்சமிருந்த குறடு, ரம்பம், உளி எல்லாவற்றையும் மீன்பிடி நூலில் கட்டிக் கூரைச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டேன். கை தவறினாலும் பாதியில் நிற்கும் அல்லவா? பெரிய படகு ஒன்று கடந்து போனால் வீடு லேசாக அசையும், அத்தனையும் சேர்ந்து ஆடும், ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்று சத்தம் வரும். நோன்பு மயக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் வேலை எங்கே நடக்கும்? உன் அக்கா கைதுடைக்கிற துணியைக் குறட்டில் மாட்டினாள், ரம்பத்தில் வெங்காயப் பை தொங்கியது. அதுகூடப் பரவாயில்லை. ராயாவுக்குக் கெலுபிஸ் பலகாரத்தை இலையில் சுருட்டிக் கட்ட நூல் பற்றவில்லை என்று ஒருநாள் என் நூலையெல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டாள். நூலின் மறுமுனையில் என்ன தொங்கியது என்று பார்க்கவில்லை. ஓட்டை அதற்கு நேர் கீழேதான் இருந்தது.

அதன்பிறகுதான், மத்தாலி, வாங்கியதற்குப் பலன் தந்த சாமானை வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தம், தலையில் கயிறு கட்ட வளையம். அதே கடை, அதே விலை. ஓட்டை அருகே பாயை விரித்து, கயிற்றை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். கீழே சேற்றில் டொக் என்று ஏதோ பிடிக்கும், இழுத்தால் கனமாக வரும். அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம். தினமும் மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் நோன்பு திறக்கிற நேரம் வரை தூண்டில்தான். உளி வந்தது, குறடு வந்தது, அடுத்த வீட்டுச் சாவி வந்தது. படகுக்காரன் புஜாங் தினமும் எஞ்சினை அணைத்துவிட்டு, கீழிருந்து குரல் கொடுப்பான்.

"ஹாஜி, இன்னைக்கு என்ன மாட்டுச்சு?"

"திருப்புளி."

"எவ்வளவு நீளம்?"

"நாலு அங்குலம்."

"சின்னதாச்சே. விட்டுருங்க, வளரட்டும்."

ஒருநாள் தலை மட்டும் உள்ள பழைய சுத்தியல் ஒன்று வந்தது, யார் எந்தக் காலத்தில் போட்டதோ. துருவைச் சுரண்டி, என்னிடம் தலையில்லாமல் கிடந்த பிடியைச் செருகினேன். கல்லாட்டம் நின்றது. இன்னொரு நாள், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது, உன் அக்காவும் பேரீச்சம்பழத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தத்தில் ஒரு இரும்புக் கரண்டி வந்தது. பாதி துரு, பாதி சிப்பி. அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் போட்டதுங்க."

"எப்போ?"

"கல்யாணமான புதுசுல. கை தவறிடுச்சு. உங்க அம்மா கேட்டப்ப, பூனை தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன்."

"இரும்புக் கரண்டியவா?"

"அவங்க நம்புனாங்க. நல்ல மனுஷி."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த பிறகும் பழம் கையிலேயே இருந்தது. இந்த வீட்டில் அன்றைக்கு இருந்த மாதிரி நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இதை விட்டுப் போகக் கூடாது என்று மறுநாளே தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். புதுப் பலகை இறக்கினேன். ஆற்றிலிருந்து வந்த சுத்தியலால் இடுக்கே இல்லாமல் பலகையோடு பலகையை நெருக்கி அடித்தேன். படகுக்குப் பூசுவதுபோல் கீல் பூசினேன், ஓட்டையையும் அடைத்தேன். ராயா அன்று சுரியானி வந்து, ஒரு பிடி அரிசியைத் தரையில் கொட்டி, கையால் எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றுகூட விழவில்லை. "அப்பா, ஜெயிச்சுட்டீங்க, இனி இங்கயே இருங்க" என்று என் கையை முத்தமிட்டாள். நான் உன் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்துபோய், பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து இதே கதைதான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். கழுவிய தண்ணீரை இப்போதெல்லாம் சட்டியில் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறாள், கரைவீட்டுப் பழக்கத்துக்கு இப்போதே தயாராகிறாள் போலிருக்கிறது. அவளுக்குப் போகத்தான் ஆசை என்றால் நான் யார் தடுக்க? அவள் கால்தானே உள்ளே போயிற்று, என் கால் இல்லையே. நானும் மதியத்தில் படுத்துப் பார்க்கிறேன். கூரை வெறும் கூரையாக இருக்கிறது. தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஆகவே சுரியானி வீட்டுக்குச் சாமான் ஏற்ற, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உன் வேனைப் படகுத்துறைக்குக் கொண்டு வா. சாமானெல்லாம் புஜாங் படகில் ஏற்றிக் கொண்டுவருவான். என் கருவிகள் முழுவதும் உனக்குத்தான். சுத்தியலுக்கும் ரம்பத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து வாங்கு. உளி மலிவாக வாங்கலாம், தீட்டத் தெரிந்தால் போதும். டேப்பும் திருப்புளியும் மலிவில் வாங்கினால் பாவம் சேரும். நீ கேட்டிருந்தாயே ஆணி பிடுங்கும் கம்பி, அதை எந்த விலைக்கும் வாங்காதே. யோசித்து அடிக்கிறவனுக்குப் பிடுங்குகிற வேலை எதற்கு? ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. காந்தத்தையும் உனக்கே தருகிறேன். கரையில் அதற்கு வேலை இல்லை, ஆனாலும் நல்ல கையில் இருக்கட்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் வீட்டாருக்குச் சலாம். உன் சுவர்கள் நேராகவும் உன் ஆணிகள் வளையாமலும் இருக்க இறைவன் அருள்புரிவானாக.

இப்படிக்கு,
மண்ணுக்குப் போகவிருக்கும் (வீடு மாறித்தான், பயந்துவிடாதே),
மச்சான் ஜலுதீன்

பின்குறிப்பு: வேனைக் கொண்டு வராதே. கடிதத்தை மடிக்கும்போது உன் அக்கா வந்து "என்ன இவ்வளவு நீளமா?" என்றாள். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாருங்க போகணும்னு அழுதா? தரையச் சரி பண்ணச் சொன்னா என்னைப் பெட்டிக்குள்ள வச்சுல்ல கீல் பூசிட்டீங்க? தண்ணி சத்தமில்ல, காத்தில்ல, கழுவுன தண்ணி போக வழியில்ல. இதுக்குச் சுரியானி வீடே தேவல, அங்க ஃபேனாவது சுத்தும்" என்றாள். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன். "அவ்வளவு ஆசையா அடிச்சீங்களே, எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். ஆகவே மத்தாலி, அந்த ஆணி பிடுங்கும் கம்பியைத் திருப்பிக் கொடுத்துத் தொலைக்காதே. நாளைக்கே பஸ்ஸில் கொடுத்தனுப்பு. எந்த விலை என்றாலும் அதுதான் வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய சாமான். பலகைக்குப் பலகை விரல் அகலம் விட வேண்டுமாம், அதுவும் அவள் விரல். காந்தம் உனக்குக் கிடையாது. பழைய ஓட்டையை அதே இடத்தில் திறந்து, கால் போகாதபடி ஒரு மூடி மட்டும் போடச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கரண்டி தூக்குன அந்தப் பூனை ரெண்டு தடவ வந்துச்சுங்க" என்றாள்.