பன்னிரண்டு அட்டையும் ஒன்பதாவது கேக்கும்

சேவூர்,
19-8-1999

ஓசூர் தொழிற்சாலையையே தோளில் தூக்கிக்கொண்டு நின்றாலும் தாய்மாமனை மறவாத என் அக்கா மகன் சிரஞ்சீவி சிவகுமாருக்கு, மாமன் தனகோடி நிறைந்த மனதோடு ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அத்தை ரேணுகாம்பாள், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் பரிமளா, இரண்டு தறி, எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் உன் மிஷின்களின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

பொங்கலுக்கு நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய வட்ட ஓவன் வேலை செய்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மாப்ளே, நல்லா கேட்டே போ! ஆறு மாதம் அதைப் பரணில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பத்திரமாக வைத்திருந்தது உண்மைதான். ஆனால் இன்றைய தேதிக்கு ஆரணி தாலுக்காவில் கேக் என்றால் தனகோடி, தனகோடி என்றால் கேக். நேற்று என் ஒன்பதாவது கேக் வெந்த வாசனைக்கு ஆற்காடு போகிற பஸ்ஸை டிரைவர் எங்கள் தெருமுனையில் நிறுத்தி, கண்ணை மூடி ஒரு நிமிடம் மோந்துவிட்டுத்தான் எடுத்தார். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இருப்பார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பரிமளாவைச் சேத்துப்பட்டிலிருந்து அழைத்து வந்தோம் அல்லவா, வந்த நாளிலிருந்து பெண் சாப்பிடவில்லை. சோறு வடிக்கிற ஆவி பட்டாலே ஓடுகிறாள். உன் அத்தை ரசம் வைத்தாள், புளிசோறு கட்டினாள், கம்பங்கூழ் கரைத்தாள், எதுவும் இறங்கவில்லை. மாதா மாதம் எடை பார்க்க வருகிற நர்ஸ் கன்னியம்மா மிஷின் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "போன மாசம் நின்ன எடத்துலயே முள்ளு நிக்குது. வவுத்துல இருக்கறது காத்தைக் குடிச்சா வளரும்? அடுத்த தடவை ரெண்டு கிலோ ஏறலைன்னா நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்" என்றார்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன, அன்றைக்குத் தறியில் உட்கார்ந்தவன் ஒரு இழைகூட ஓட்டவில்லை. பரிமளாவைக் கூப்பிட்டு, "உனக்கு இன்னாதாம்மா துன்னணும்போல கீது?" என்று கேட்டதற்கு, "சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டாண்ட ரொட்டிக் கடை ஒண்ணு கீது நைனா. அங்க போனா ஒரு வாசனை வரும். அது வந்தா துன்னலாம்போல இருக்கும்" என்றாள். உடனே பஜாருக்கு ஓடிப் பன்னும் ரொட்டியும் வாங்கி வந்தேன். தொடவில்லை. ஆக, வாசனை வீட்டிலேயே வந்தால்தான் உண்டு என்று கண்டுபிடித்துப் பரணில் ஏறினேன்.

ஓவனோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எப்படிப் படித்தான் என்று நினைப்பாய். இனிமேல் தனகோடிக்குச் சொல்லிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியார்கள் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டதால்தான் நான் நின்றேன், அது உன் அம்மாவுக்கே தெரியும். புத்தகத்தில் படம் இருந்தது, போதாதா? முதல் கேக்கை அடித்து ஊற்றி சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். வீடு இருண்டது. தெருவே சத்தமில்லாமல் போனது. பக்கத்து வீட்டு வேலு வைத்திருக்கிற பவர்லூம் பன்னிரண்டும் ஒரே மூச்சில் நின்றுவிட்டன. வேலு லுங்கியை மடித்துக்கொண்டு வந்தான்.

"தனகோடிண்ணே, இன்னா பண்ணே?"

"கேக்கு."

"கேக்கா! முகூர்த்த ஆர்டர் ஓடிக்கினு கீது, பன்னண்டு தறி நின்னுபோச்சு, நீ கேக்கு சுட்டுகினு கீறியா? பேஜார் பண்ணாதண்ணே!"

எலக்ட்ரீசியன் அருள்தாஸ் வந்து பியூஸைக் கனமாக மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் வேலு சமாதானமாகவில்லை. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்துகிற நேரத்தில் மட்டும் நான் ஓவன் போடலாம் என்று பஞ்சாயத்து ஆனது. அப்படியே செய்தேன். இரண்டாவது கேக் கருகியது. மூன்றாவதும் கருகியது. நடுவில் பஞ்சு, ஓரத்தில் கரி. நாலாவதற்கு முட்டை சரியாக நுரைக்காததுதான் காரணம் என்று முடிவு செய்து, தறிக்கு நூல் தார் சுற்றுகிற ராட்டையின் கதிரில் முள்கரண்டியைக் கட்டி, பாத்திரத்துக்குள் விட்டுச் சுற்றினேன். மாப்ளே, நுரைத்தது பார், அப்படி நுரைத்தது! பாத்திரத்தில் கொஞ்சமும் மீதி சுவரிலுமாக நுரைத்தது. அன்றைக்கு ஆடி வெள்ளிக்கிழமை என்பதும், சுவரில் படவேட்டம்மன் படம் இருப்பதும் எனக்குக் கொஞ்சம் மறந்துபோனது. உன் அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "நாங்க எல்லாம் அம்மனுக்குப் பாலாபிஷேகந்தான் பண்ணிப் பார்த்துகினு கீறோம். இந்த வூட்டு ஆம்பளைதான் முட்டையாபிஷேகம் பண்ணிக் காட்டனாரு" என்றாள். வீடு பூராவும் கழுவினேன். இருந்தாலும் ராட்டையில் முட்டை அடிப்பது உலகத்தில் இதுவே முதல்முறை என்பதை நீ உன் ஆபீசில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

கருகின ஓரத்தை எல்லாம் கத்தியால் சீவி ஒரு தட்டில் போட்டு, காக்கைக்காவது ஆகட்டும் என்று மாடிப்படியில் வைப்பேன். சாயங்காலம் தட்டு துடைத்த மாதிரி இருக்கும். வேலு வீட்டுக் கோழிகள் மாடியேறி வந்து தின்றுவிடும். அத்தனை கரி தின்ற கோழி கருப்பு முட்டைதான் போடும் என்று வேலுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிறகுதான் புத்தகத்தில் ஒரு படத்தைக் கவனித்தேன். டின்னுக்கு அடியில் காகிதம் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்? பார்டரில் மயில் விழுவதற்கு ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டையைக் கோத்த நூல் இற்றுப்போனதால், திரும்பக் கோக்க அவிழ்த்துத் தறியோரம் அடுக்கி வைத்திருந்தேன். பழைய அட்டை என்று நினைத்து நாலை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்து வட்டமாகக் கத்தரித்து வெண்ணெய் தடவிப் போட்டேன். மூன்று கேக்குக்குப் பன்னிரண்டு அட்டை. கேக்கின் அடியில் அட்டை ஓட்டை வழியாக மாவு இறங்கிப் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்ட மாதிரி வந்தது. கேக்கிலேயே டிசைன் போட்ட முதல் மனிதன் உன் மாமன்தான். ஓரம் மட்டும் கருகியது. மீதி அட்டையைக் கோத்துத் தறியில் ஏற்றி நெய்தேன். சேலையை பஜாரில் விரித்துப் பார்த்த முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னா தனகோடி, உன் மயிலுக்கெல்லாம் குளுரா?" என்றார். குனிந்து பார்க்கிறேன், பார்டர் முழுக்க ஒரு மயிலுக்கும் கழுத்து இல்லை. தலை நேராக முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு அட்டையும் கழுத்து அட்டை! சேலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அத்தை அதை வாங்கிப் பார்த்தாள், சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "தூளி கட்டலாம்" என்று பீரோவில் வைத்துவிட்டாள். ஆகையால் ஆரணியிலேயே முகூர்த்தப் பட்டில் தூளி ஆடப்போகிற முதல் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளைதான், எழுதி வைத்துக்கொள்.

இப்போது ஒன்பதாவது கேக்குக்கு வருகிறேன். நேற்று வேலுவுக்கு அவசர ஆர்டர். மதியச் சாப்பாட்டுக்கும் தறியை நிறுத்தவில்லை. எனக்கோ மனசு கேட்கவில்லை. கன்னியம்மா மறுநாள் வருகிற முறை. நடப்பது நடக்கட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். பியூஸ் தாங்கியது. பல்பு மட்டும் மங்கியது. நாற்பது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், அடடா, பொன் நிறம்! ஓரத்தில் ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. வேலுவின் பன்னிரண்டு தறியும் ஓடினால் கரண்ட் இழுபட்டு ஓவனில் சூடு பதமாகக் குறைகிறது. தறி நின்றால் கரண்ட் முழுசாகப் பாய்ந்து கருக்கிவிடுகிறது. இதை உன் இஞ்சினீயர்கள் யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? நம் சேலை நூலாலேயே கேக்கை அறுத்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. முதல் துண்டைப் பரிமளாவிடம் கொடுத்தேன். என் எதிரிலேயே கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். "எப்படிம்மா?" என்றேன். "சூப்பர் நைனா" என்று சொல்லி, இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கி, காத்தாட மாடியில் உட்கார்ந்து தின்கிறேன் என்று எடுத்துப் போனாள். உன் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்றாள். அடுப்பு எரியவே இல்லை. எனக்கு இந்த அறுபது மயிலும் கழுத்தில்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

இன்று காலை கன்னியம்மா வந்து எடை பார்த்தார்கள். இரண்டேகால் கிலோ ஏறியிருக்கிறது! "இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். நான் ஓவனைக் காட்டினேன். நேற்று ஒரு கேக், இன்று இரண்டேகால் கிலோ. உலகத்தில் எந்த மருந்து செய்யும் இதை?

உன் கைக்கு நல்ல பலமும், உன் சம்சாரத்துக்குத் தீர்க்க சுமங்கலித்தனமும், உன் வாசலில் எப்போதும் கேக் வாசனையும் நிலைக்கப் படவேட்டம்மனை வேண்டி முடிக்கிறேன். பிள்ளை பிறந்ததும் தந்தி வரும்.

இப்படிக்கு,
உன் மாமன்
சி. தனகோடி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் பரிமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "நைனா, அந்த ஒம்போதாவது கேக்கை உனக்காவத்தான் ஒரு வாய் முழுங்கனேன். மீதியை மாடிக்குப் போய் வேலண்ணன் வூட்டுக் கோழிக்குப் போட்டுட்டேன். இத்தினி நாளா படிக்கட்டுல வெச்சியே, கருகின ஓரம், அதான் நைனா ரொட்டிக் கடை வாசனை! அதைத் துன்னுட்டுத்தான் தெனம் ராவுல ரெண்டு தோசை உள்ள போச்சு. நேத்து அது இல்லாம ஒரு தோசைகூட எறங்கலை" என்கிறாள். உன் அத்தைக்கு இது முதலிலிருந்தே தெரியுமாம். "சாம்பலைத் துன்னாம இதைத் துன்றாளேன்னு வுட்டுட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை நீ படிக்காததாக வைத்துக்கொள். விஷயம் இப்போது தலைகீழ். சீக்கிரம் கேக்கைக் கருக்கியாக வேண்டும். கடிதம் படித்த பிறகு இரண்டு போட்டுப் பார்த்தேன், இரண்டும் தங்கமாக வந்து தொலைகின்றன. வேலுவின் தறி இன்னும் நிற்காமல் ஓடுகிறது, அவன் கோழிகள் எட்டும் என் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஒரு மணி நேரம் பன்னிரண்டு தறியையும் நிறுத்தச் சொல்லி அவனிடமே கேட்கப் புறப்பட்டுவிட்டேன். மேற்கொண்டு என் சௌக்கியத்தை உன் அத்தை எழுதுவாள்.