பதவி வரிசையில் ஒரு சைக்கிள் பயணம்

“உன் டயர்ல மட்டும் எப்படிடா காத்து இருக்கு?”

துணை இயக்குநர் இப்படிக் கேட்டபோது நான் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தேன். சாலையோரம் முழுக்க அதிகாரிகள் குந்தியிருந்தார்கள். எல்லார் சைக்கிளும் தரையில் கிடந்தது. எல்லார் டயரும் சப்பை. வரிசையின் வால் பக்கம் இன்னும் புஸ்ஸென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“காலையில அடிச்சேன் சார். அதான் இருக்கு.”

“இயக்குநர் ஐயா டயர்ல காத்து இல்ல. தெரியுமா?”

“தெரியும் சார். ஆணி குத்திடுச்சு.”

“ஐயா டயர்ல இல்லாத காத்து உன் டயர்ல இருந்தா என்ன அர்த்தம்?”

“எனக்கு ஆணி குத்தலன்னு அர்த்தம் சார்.”

துணை இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். “இந்தப் பையனை யாரு கூட்டிட்டு வந்தது?”

கூட்டி வந்தது என் சித்தி. அம்மாவின் தங்கை. மக்கள் நல்லுடல் துறையில் தட்டச்சு செய்கிறாள். அவள் தலையைக் குனிந்தபடி தன் டயரின் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். முன்னால் போன இயக்குநரின் டயர் பஞ்சர் ஆனது. அவர் இறங்கினார். பின்னால் வந்த துணை இயக்குநரும் இறங்கினார். இறங்கியதோடு விட்டிருக்கலாம். இயக்குநருக்கு இல்லாத காற்று தனக்கெதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குனிந்து வால்வைத் திருகிவிட்டார். அதைப் பார்த்த கண்காணிப்பாளர் மேடத்துக்கு, துணை இயக்குநரைவிட அதிகக் காற்றோடு நிற்பது கூச்சமாகப் போய்விட்டது. அப்படியே ஒவ்வொருவராக, மேலிருந்து கீழ்வரை, துறையே காற்றை இழந்தது. இதற்குப் பிறகு வெளியான செய்திக் குறிப்பில் “நெகிழ்ச்சியான தருணம்” என்று எழுதியிருந்தார்கள். நெகிழ்ந்தது ரப்பர்தான்.

“வாயை மூடிட்டுப் பிடுங்கித் தொலைடா,” என்றாள் சித்தி, உதட்டை அசைக்காமல். “அப்பா என்ன சொல்லி அனுப்பினாரு? மறந்து போச்சா?”

மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து எந்த வேலையிலும் நான் நிலைக்கவில்லை. துணிக்கடையில் சேர்த்துவிட்டார்கள். “இது சாயம் போகுமா தம்பி?” என்று ஒரு அம்மா கேட்டார். “போகும்” என்றேன். அன்று மத்தியானமே என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். இப்படியே இன்னும் சில இடங்கள். கடைசியில் அப்பா சொல்லிவிட்டார்: “இதுவும் போச்சுன்னா நேரா பெரியப்பாவோட கோழிப்பண்ணைதான். கோழிகிட்ட உண்மை பேசு.”

“இது” என்பது துறையின் கிடங்கில் ஒரு வேலை. அது எனக்கு எப்படி வர இருந்தது என்றால், நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளில் போவது என்று துறை முடிவெடுத்தது. மக்கள் உடம்பை வளைக்கவில்லை என்று மேலிடத்துக்கு வருத்தம். பயணம் “பொதுமக்களின் பேராதரவோடும் பங்கேற்போடும்” நடக்க வேண்டும் என்பது உத்தரவு. பொதுமக்களுக்கோ சொந்த வேலை இருந்தது. ஒருத்தரும் வரவில்லை. சித்தி என்னைப் பிடித்துக் கொடுத்தாள். பயணத்தை முழுசாக முடித்தால் கிடங்கு வேலை எனக்கு என்று பேச்சு. ஆக, இந்த நாட்டின் பொதுமக்கள் என்பது நான்தான்.

காற்றைப் பிடுங்கினேன்.

காற்று அடிக்க ஒரே ஒரு பம்புதான் இருந்தது. அதுவும் பதவி வரிசைப்படிதான் வந்தது. பொதுமக்களின் கைக்கு வந்தபோது அதன் கைப்பிடி ஆடிப்போயிருந்தது.

எங்கள் பயண ஒழுங்கு இதுதான்: இயக்குநர் முன்னால். அவரைத் துணை இயக்குநர் முந்தக் கூடாது. துணை இயக்குநரைக் கண்காணிப்பாளர் மேடம் முந்தக் கூடாது. இப்படியே போய், சித்தியை நான் முந்தக் கூடாது. சமதரையில் சமாளித்துவிடலாம். ஏற்றம் வந்தால்தான் வம்பு. இயக்குநர் மூச்சு வாங்குவார். அவர் எவ்வளவு மெதுவாகப் போகிறாரோ அதைவிட ஒரு பிடி மெதுவாகப் பின்னால் இருப்பவர் போக வேண்டும். சைக்கிளுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. மெதுவாகப் போனால் விழும். விழுந்தார்கள். பதவி உயர உயரக் கௌரவமாகவும், குறையக் குறையச் சத்தமாகவும் விழுந்தார்கள். ஒரு நாய் எங்களைத் துரத்த ஓடி வந்து, வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தது. பிறகு வெட்கப்பட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டது.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்போடு ஒட்டிய மினுமினுப்புச் சட்டை, உட்காரும் இடத்தில் தலையணை வைத்துத் தைத்த கால்சட்டை, வெயில் இல்லாதபோதும் கறுப்புக் கண்ணாடி. தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார்கள்; முதுகுப் பையிலிருந்து வரும் குழாயில் உறிஞ்சுவார்கள். துணை இயக்குநரின் மணிக்கட்டில் ஒரு கருவி இருந்தது. அவர் சாப்பிட எழுந்து போனால்கூட அது “அருமை! தொடருங்கள்!” என்று பாராட்டும். அலுவலகத்தில் அவரை யாரும் பாராட்டிப் பழக்கமில்லையாம். அடிக்கடி எழுந்து போனார்.

ஒரு காலை, இயக்குநருக்கு இடுப்பு வலி வந்தது. கூடவே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அதில் ஏறிக்கொண்டார். வேன் எங்களுக்கு முன்னால் போனது. அதன் கூரையில் அவருடைய சைக்கிளை, முகம் முன்பக்கம் பார்க்கும்படி, கட்டினார்கள்.

“ஐயா சைக்கிள் பயணத்துலதான இருக்கார்?” என்று நான் சித்தியிடம் கேட்டேன்.

“சைக்கிள் போகுதா?”

“போகுது.”

“ஐயா போறாரா?”

“போறார்.”

“ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான போகுது? அப்புறம் என்னடா உனக்கு?”

மறுநாள் துணை இயக்குநர் நொண்டினார். கண்காணிப்பாளர் மேடம் அக்கறையாக விசாரித்தார்.

“உங்களுக்கும் இடுப்பா சார்?”

“சே சே! ஐயாவுக்கு வந்த இடத்துல எனக்கு வரலாமா? எனக்கு முழங்கால்.”

அவரும் வேனில் ஏறினார். அடுத்து கண்காணிப்பாளர் மேடத்துக்குக் கணுக்கால். அவருக்கு அடுத்தவருக்குக் குதிகால். வலி பதவி வரிசைப்படி உடம்பில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருத்தருக்கும் தன் மேலதிகாரியின் வலிக்கு மேலே வலிக்கவில்லை. அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கடைசியாகச் சித்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“உனக்கு என்ன சித்தி?”

“சுண்டுவிரல் நகம்டா,” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

அதற்குக் கீழே மனுஷ உடம்பில் இடமில்லை. அதனால் நான் ஓட்டினேன்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. முன்னால் யாருடைய முதுகும் இல்லை. எதிர்காற்று, லாரிப் புகை, தொடை எரிச்சல் எல்லாம் எனக்கே எனக்கு. ஏற்றத்தில் நின்று மிதித்தேன். இறக்கத்தில் வாயைத் திறந்து கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பாதி, கடையில் பாதி என்று எல்லாவற்றையும் பாதியில் விட்டவன், இதை முழுசாக ஓட்டி முடிக்கப் போகிறேன் என்ற நினைப்பே ஒரு தெம்பாக இருந்தது.

ஊர் நெருங்கினால் வேன் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள். கூரையிலிருந்து சைக்கிள்கள் இறங்கும். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வரிசையாக ஊருக்குள் ஓட்டிப் போவார்கள். மக்கள் கைதட்டுவார்கள். நான் பின்னாலேயே புழுதியும் நாற்றமுமாக வந்து சேர்வேன்.

“நீ படத்துல வராதப்பா,” என்று ஒரு தடவை துணை இயக்குநர் என்னை ஓரமாகத் தள்ளினார். “உன் வேர்வை இயல்பா இல்ல.”

கடைசி ஊர் வந்தது. நாட்டின் மறுமுனை. கடல் வரை நீளும் ஒரே இறக்கம். அடிவாரத்தில் மேடை, ஒலிபெருக்கி, பெருங்கூட்டம். எங்களை வரவேற்க நிறையப் பேர் சைக்கிளிலேயே வந்திருந்தார்கள். இயக்குநர் தன் சைக்கிளில் ஏறி, கீழே எட்டிப் பார்த்தார். இவ்வளவு நாள் வேனில் இருந்ததில் அவருக்கு இறக்கம் மறந்துபோயிருந்தது. பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். பயம் எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும்தான் தெரிந்தது.

“எவ்வளவு அழகான இடம்,” என்றார் இயக்குநர். “ரசிச்சுக்கிட்டே நடந்து போவோமே.”

இறங்கித் தள்ள ஆரம்பித்தார். துணை இயக்குநர் இறங்கினார். துறையே இறங்கியது. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அப்பா, பெரியப்பா, கோழிகள் எல்லாரும் இருந்தார்கள். நாடு முழுக்க மிதித்து வந்தவன், மிதிக்கவே தேவையில்லாத அந்த ஒரே சாலையில் தள்ளிக்கொண்டு நடந்தேன். கண் எரிந்தது. வேர்வை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் குழம்பிப் போய்ப் பார்த்தது. ஒரு நிருபர் மைக்கை நீட்டினார்.

“சைக்கிள் பயணத்துல ஏன் சார் சைக்கிளைத் தள்ளிட்டு வர்றீங்க?”

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். “ஓட்டினா சைக்கிள் நம்மளச் சுமக்குது. நாம எப்பதான் அதைத் தாங்கறது?”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் அவசர அவசரமாக இறங்கினார்கள். இறங்காதவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.

நாங்கள் ரயிலேறி வீடு திரும்புவதற்குள் நாடு தள்ள ஆரம்பித்திருந்தது. டிவியில் ஒரு டாக்டர் விளக்கினார்: “எல்லா நோய்க்கும் காரணம் உட்கார்ந்தே இருக்கறதுதான். சைக்கிள்ல நாம என்ன பண்றோம்? உட்கார்றோம்.” பூங்காவில் தம்பதிகள் ஜோடியாகத் தள்ளினார்கள். பெடலும் சீட்டும் இல்லாத சைக்கிள், தள்ளுவதற்கென்றே கடைக்கு வந்தது. இரண்டு சாமான் குறைந்ததால் விலை கூடுதல். தள்ளுவோருக்கு இடையூறாக யாரும் சைக்கிளில் அமர்ந்து செல்வது “வருந்தத்தக்கது” என்று துறை சுற்றறிக்கை விட்டது.

என் வேலை விஷயம் இழுத்தது. பயணத்தைக் குழுவோடு சேர்ந்து முடிக்க வேண்டும் என்பது நிபந்தனையாம். குழு வேனில் வந்தது. நான் தனியாகச் சைக்கிளில் வந்துவிட்டேன். சைக்கிள் பயணம் முழுக்கச் சைக்கிளில் வந்த ஒரே ஆள் என்பதால், சைக்கிள் பயணத்தில் நான் கலந்துகொண்டதாகக் கணக்கில் வராது என்றார் துணை இயக்குநர். இயக்குநர்தான் பெரிய மனசு பண்ணினார். “பையன் திருந்திட்டானான்னு பார்ப்போம். திங்கக்கிழமை சைக்கிளைத் தள்ளிட்டு ஆபீஸ் வாசலுக்கு வரட்டும். வேலையைக் குடுத்துடலாம்.”

திங்கட்கிழமை காலை சித்தி வீட்டுக்கே வந்து நின்றாள். அம்மா என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை.

“ஊருக்கு அந்தக் கோடி சித்தி ஆபீஸ். இங்கருந்து தள்ளிட்டே போனா சாயங்காலம் ஆயிடும்.”

“உன்னை யாருடா இங்கருந்தே தள்ளச் சொன்னது? பின்பக்கச் சந்து வழியா ஓட்டிட்டுப் போ. பேங்க் முக்கு வந்ததும் இறங்கு. அங்கருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம். தள்ளிட்டுப் போய் நில்லு. யாருக்குத் தெரியப் போகுது?”

“அது பொய் இல்லையா?”

“அது வேலைடா.”

அம்மா சட்டையை நீட்டினாள். “ஒரே ஒரு முக்குக்காகக் கோழிப்பண்ணைக்குப் போயிடாதேடா, கண்ணு.”

போட்டுக்கொண்டு கிளம்பினேன். சந்து காலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஜே ஜே என்று இருந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் சைக்கிள் மணி. எல்லாரும் குனிந்துகொண்டு வெறி பிடித்தவர்கள் மாதிரி மிதித்தார்கள். டிவி டாக்டர் என்னை முந்திப் போனார், சீட்டில் நன்றாக உட்கார்ந்தபடி. பேங்க் முக்கில், சுவரின் மறைவில், பெருங்கூட்டம். ஒவ்வொருவராகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையைக் கலைத்துக்கொண்டார்கள். முகத்தில் களைப்பை வரவழைத்தார்கள். ஒருத்தர் ஸ்பேனரால் பெடலைக் கழற்றி, துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு எல்லாரும் மூலை திரும்பி, ஊரைச் சுற்றித் தள்ளி வந்தவர்கள்போலக் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

துணை இயக்குநரும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டுக் கருவி “அருமை!” என்றது. அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இறங்குடா. இதான் இடம்.”

“சார், நீங்களுமா?”

“நான் மட்டுமா? ஐயாவே அடுத்த முக்குலதான் இறங்குவார். அது அவருக்கு ஒதுக்கின முக்கு. இறங்குடா சீக்கிரம், பின்னால ஆள் வருது.”

“எல்லாரும் ஓட்டிட்டுத்தான் வர்றோம்னா எதுக்கு சார் இறங்கணும்?”

“எல்லாரும் இறங்குறாங்களேடா!” என்றார் அவர். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “வேலை வேணுமா வேணாமா உனக்கு?”

வேண்டும். நன்றாகவே வேண்டும். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது. டாக்டர், ஸ்பேனர்காரர், சந்து முழுக்க இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பி, “இறங்குப்பா, இறங்கு, எங்களையும் மாட்டிவிட்டுடாதே” என்று குசுகுசுவென்று கெஞ்சினார்கள்.

பிரேக்கை விட்டேன். மூலை திரும்பி ஆபீஸ் வாசலை நோக்கி மிதித்தேன். இறங்கவில்லை.