கால் உடைந்தவள் ஓடிய மாதம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது பெற்றோரின் பிறப்புரிமை. அந்த உரிமையைக் காக்கத்தான் ஒரு தொடக்கப் பள்ளி மாதந்தோறும் 'வகுப்பறைச் செய்தி மடல்' அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு மடல், மடலுக்கு எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ரெண்டு கலர் படம். கடைசியில் 'படித்தேன், மகிழ்ந்தேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. படித்துவிட்டு வருந்துகிறவர்களுக்குக் கோடு கிடையாது.

மகளை அங்கே படிக்கவைக்கும் நம் பிளம்பரும் மூன்று வருஷமாக அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டுவருகிறார். படித்தாரா என்று கேட்காதீர்கள். நீங்கள் படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

இந்த மாதமும் பழக்கதோஷத்தில் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பிறகு என்ன கிரகசாரமோ, புரட்டிப் பார்த்துத் தொலைத்தார்.

"தங்கள் செல்வம் ஒருநாளும் தவறாது வகுப்புக்கு வருகை புரிந்து, கடிகாரம் பார்த்து மணி சொல்வதில் ஈடிணையற்ற தேர்ச்சி அடைந்துள்ளார். பதினான்காம் தேதி ஓட்டப் பந்தயத்தில் உற்சாகமாக ஓடினார்."

பிளம்பர் மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் அந்தச் செல்வத்துக்கு வீட்டில் பெயர் சுண்டெலி. போன மாதம் இரண்டாம் தேதியே மாடிப்படியில் சறுக்கி வலது காலை உடைத்துக்கொண்டு, மாதம் முழுக்கக் கட்டிலில் கிடந்தாள். இப்போது மாவுக்கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"மணி என்ன பாப்பா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சின்ன முள்ளு நாலுகிட்ட இருக்கு. பெரிய முள்ளு எட்டுல இருக்கு. நாலு மணி எட்டு நிமிஷமாப்பா?"

மணி மூன்று நாற்பது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு உதடு பிதுங்கிவிட்டது. "திங்கக்கிழமை நான் போனா எல்லாரும் கரெக்டா மணி சொல்லுவாங்க. எனக்கு மட்டும் தெரியாது. சிரிப்பாங்கப்பா."

பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மணி பார்க்க, தன் பிள்ளை மட்டும் பேந்தப் பேந்த விழிப்பதா?

"நீங்களே உட்கார்ந்து சொல்லிக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"அப்புறம் பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்றவர் மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டினார்.

பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பொண்ணு ஒருநாள்கூட லீவு போடலையே."

"கால் உடைஞ்சு வீட்டுல கிடந்தா சார்."

"அப்ப வீட்டுல கிடந்தது யாரு?"

"என் பொண்ணுதாங்க."

"ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாது சார். இங்க இருந்ததுக்கு மடல் இருக்கு. அங்க இருந்ததுக்கு என்ன இருக்கு?"

"மாவுக்கட்டு இருக்கு."

"அது எந்த ஃபைல்ல இருக்கு?"

அது எந்த ஃபைலிலும் இல்லாததால் பிளம்பர் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பப்பட்டார். அந்த அம்மாள் மடலை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தார்.

"மகிழ்ந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மகிழ்ந்துட்டு வந்து குறை சொல்றது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"மேடம், அவ ஓடவே இல்லை. இந்த ஓட்டப் பந்தயப் படத்துல முன்பல் ரெண்டும் இல்லை பாருங்க. இது ஒண்ணாம் வகுப்புல எடுத்தது."

"ஓடறாளா, இல்லையா?"

"ஓடறா."

"சந்தோஷமா இருக்காளா?"

"இருக்கா."

"அப்புறம் பல்லைப் பத்தி என்ன பேச்சு? நீங்க சொல்றதையே எடுத்துக்குவோம். ரெண்டாம் தேதி கால் உடைஞ்சவ பதினாலாம் தேதி ஓடியிருக்கா. நியாயமா நீங்க எங்களுக்கு நன்றி சொல்லணும்."

பிளம்பர் கிட்டத்தட்ட நன்றி சொல்லிவிட்டார். நல்லவேளை, சுண்டெலியின் பிதுங்கிய உதடு ஞாபகம் வந்தது. "மணி பார்க்க மட்டும் ரெண்டு நாள் தனியா சொல்லிக் குடுத்தாப் போதும் மேடம்."

"தனிப் பயிற்சி இருக்கு. ஆனா மடல்ல 'பின்தங்கியவர்'னு போட்டிருக்கிற குழந்தைகளுக்கு மட்டும்தான்."

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லை. மனசு புண்படுதுன்னு பெற்றோர் சொன்னதால அந்த வார்த்தையையே எடுத்துட்டோம்."

"அப்ப தனிப் பயிற்சி?"

"பிரமாதமா நடக்குது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தேவைப்படலை."

கடைசி நம்பிக்கையாக வகுப்பாசிரியையிடம் போனார். வகுப்பில் முப்பத்தேழு பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தன. ஆசிரியை குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்து மூன்றாம் நாள்தான் ஆகிறது. அவர் எழுதிக்கொண்டிருந்ததோ இருபத்தெட்டாம் தேதிச் சுற்றுலாவில் பிள்ளைகள் அடைந்த ஆனந்தத்தைப் பற்றி.

"இன்னும் போகவே இல்லையே டீச்சர்?"

"முப்பத்தெட்டுப் பேர் சார், ஆளுக்கு எட்டுப் பக்கம். மாசம் முடியட்டும்னு காத்திருந்தா எழுதி முடிக்கவே முடியாது. முதல்ல எழுதிடுவேன், மாசம் பின்னாடியே வந்துடும்."

சுவரில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஓர் அட்டைக் கடிகாரம் தொங்கியது. பிரித்தால் அழுக்காகுமாம், படத்துக்கு நன்றாக வராதாம்.

பிளம்பர் தொண்டையைச் செருமினார். "என் பொண்ணுக்கு மட்டும் மணி பார்க்கத் தெரியலைங்க."

ஆசிரியை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குமே தெரியாது சார். நான் சொல்லியே குடுக்கலை. எழுதவே நேரம் பத்தலை."

"யாருக்குமேவா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க."

முதல் பெஞ்சுச் சிறுமியிடம் கேட்டார். "நீளமா பெல் அடிச்சா வீட்டுக்குப் போற மணி சார்" என்றாள் அவள். பக்கத்துப் பிள்ளைகள் பலமாக ஆமோதித்தன.

"ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?" பிளம்பரின் குரலில் ஒரு மாற்றம் தெரிந்தது.

ஆசிரியை அதைக் கவனிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அவசரமாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவையும் சேர்த்து நீட்டினார். கண் கலங்கியிருந்தது. "மடல் வேண்டாம், பாடம் நடத்தினாப் போதும்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். பெற்றோர் கேட்டா நிறுத்திடுவாங்க. நாளைக்கே உறையைப் பிரிச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடறேன். நான் டீச்சரா இருந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

பிளம்பர் தாளைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை சுண்டெலியைப் பார்த்துச் சிரிக்க ஆளே இல்லை. பிளம்பருக்குச் சட்டென்று நன்றாகப் பசிக்க ஆரம்பித்தது.

"எதுக்கு டீச்சர்?" என்று பேனாவைப் பதவிசாக மேசைமேல் வைத்தார். "எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு."

ஆசிரியை பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நீங்க முப்பத்தெட்டாவது ஆள் சார். எல்லாருமே தனித்தனியா வந்து, எங்க பிள்ளைக்கு மட்டும் தெரியலைன்னு அழுதாங்க. எல்லாருக்கும் இதே தாளைத்தான் நீட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

பிளம்பர் விசிலடித்தபடி வெளியே போனார். ஆசிரியை வெள்ளைத்தாளை வீணாக்க மனமில்லாமல் இழுத்துவைத்து, மடலின் எட்டாம் பக்கத்தை அதிலேயே எழுதத் தொடங்கினார்: "இம்மாதமும் பெற்றோர் அனைவரும் முழு ஒத்துழைப்பு நல்கினர்."

அந்த ஒரு வரி மட்டும் நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்டது.