காவல்சாமிக்கு உப்பு ஆகாது

லுக்சுப் நான்காவது பாக்கெட்டையும் நிராகரித்தது.

துப்பவில்லை. உலர்ந்த வாத்துக்கறித் துண்டை வாயில் வாங்கிக்கொண்டு, பிம்ஜையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, நடந்து போய் அவளுடைய ஆபீஸ் செருப்புக்குள் இறக்கி வைத்தது.

"சாப்பிடு கண்ணு. உப்பில்லாதது. சாயம் சேர்க்காதது," என்றாள் பிம்ஜை.

லுக்சுப் தும்மியது.

வெள்ளைப் பொமரேனியன் குட்டி. பத்து மாதம். உடம்பு வளர்ந்து முடிந்துவிட்டது, முடி இன்னும் முடியவில்லை. பிம்ஜையின் மேலதிகாரி ரட்சனீ மேடத்துடையது. மேடம் இரண்டு வாரத்துக்கு ஒசாகா போயிருந்தார்.

"பிம், அது எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பி வரணும்," என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனார். "முட்டி ரொம்ப மெல்லிசு. எடை ஏறவே கூடாது. ஆரோக்கியமான தின்பண்டம் மட்டும் குடுத்து, நான் வர்றதுக்குள்ள கும்பிடக் கத்துக்குடுத்துடு. எங்கம்மாவைப் பார்க்கப் போறப்ப அது கும்பிடணும். அப்புறம் உன் சியாங் மாய் மாறுதலைப் பத்திப் பேசுவோம்."

சியாங் மாயில் பிம்ஜையின் கணவன் இருந்தான். இரண்டு வருடமாக அவர்கள் குடும்பம் நடத்துவது போன் திரையில்தான். ஆக, அந்தக் குட்டியின் முட்டியில்தான் ஒரு கல்யாணமே நின்றுகொண்டிருந்தது.

அவள் மறுபடியும் கடைக்குப் போனாள்.

"சின்ன ஜாதிக் குட்டியா?" என்றாள் கடைப்பெண். "அப்ப நியூசிலாந்து ஆட்டு நுரையீரல் குடுங்க. புல் மட்டும் தின்ன ஆடு."

"அது எதையும் திங்க மாட்டேங்குதுங்க."

"விலை கம்மியானதா வாங்கியிருப்பீங்க. இதோ, கெட்டியான பால்கட்டிக் குச்சி. இமயமலையிலேர்ந்து வருது."

குச்சி லுக்சுப்பின் தலையைவிடப் பெரிதாக இருந்தது. பிம்ஜை ஆட்டு நுரையீரலை வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டைத் தெருவோர நூடுல்ஸோடு முடித்துக்கொண்டாள். நுரையீரலும் செருப்புக்குள் போயிற்று.

சனிக்கிழமை அவள் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பியபோது குட்டி அறையில் இல்லை. தரைத்தள வீடு. கொசுவலைக் கதவின் கீழ்மூலை கிழிந்திருந்தது.

ஓடினாள். கட்டடத்தின் மூலையில் காவல்சாமி வீடு இருந்தது. தூண்மேல் குட்டிக் கோயில். அதன்முன் முழங்கால் உயரத்தில் படையல் மேசை. மேசைக்கு அடியில் லுக்சுப் உட்கார்ந்திருந்தது. அதன் வெள்ளை முகம் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் சாமிக்கு வைத்த சிவப்புச் சோடா கவிழ்ந்து கிடந்தது. மேசைமேல், காலையில் கட்டடத்தைக் கவனிக்கும் லமாய் அத்தை வைத்த அவித்த முட்டைகள் இல்லை. பூண்டு போட்டு வறுத்த பன்றிக்கறி இல்லை. திராட்சைக்குலையில் காம்பு மட்டும் மிச்சம்.

பிம்ஜைக்கு உயிரே போய்விட்டது. கேட்டருகே நின்றிருந்த காவலாளியிடம் ஓடினாள். தாவோன் மாமா அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"மாமா, குட்டி வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இப்பத்தாம்மா வந்துச்சு," என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே. "நல்ல குட்டி. ஒரு வம்புக்கும் போகாது."

கால்நடை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். படமும் எடுத்தார்.

"வயிறு காலியா இருக்கு. சாயம் முடியில மட்டும்தான். ஏன், என்ன சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். திராட்சை கெடுதலா?"

"திராட்சை ஆகவே ஆகாது. சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. உப்பும் வேண்டாம். வேக வச்ச கோழி நெஞ்சுக்கறி, பூசணி, சர்க்கரைவள்ளி குடுங்க. நகத்தளவு போதும். அன்னாட தீனில பத்துல ஒரு பங்குக்கு மேல தின்பண்டம் போகக் கூடாது."

காவல்சாமி காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். வாசலில் லமாய் அத்தை நின்றிருந்தாள். கட்டடத்தில் யார் குடியிருக்கலாம், யார் காலி செய்ய வேண்டும் என்பது அத்தை சொல்வதுதான்.

"பிம்மு! சாமி சாப்பிட்டுட்டாருடி! இத்தனை வருஷமா எறும்புதான் தின்னுச்சு. இந்த ஒரு வாரமாத்தான் தட்டைத் துடைச்சு வைக்கிறாரு!"

"ஏதாவது நாயா இருக்கப் போவுது அத்தை," என்றாள் பிம்ஜை, மெதுவாக ஆழம் பார்த்து.

"நாயா? சாமி சோத்துல எந்த நாயாவது வாய வச்சா, அதையும் அதை வளக்குறவளையும் அன்னைக்கே மூட்டை கட்டி அனுப்பிடுவேன்."

பிம்ஜை லுக்சுப்பின் முகத்தைத் தன் கைப்பைக்குள் அமுக்கினாள்.

மறுநாள் கதவின் ஓட்டையைச் செருப்பு அலமாரியால் அடைத்தாள். குட்டி ஜன்னல் கம்பி வழியாகப் போயிற்று. முடியைக் கழித்துப் பார்த்தால் அதன் அகலம் ஓர் எலியின் அகலம்தான். ஜன்னலைச் சாத்தினாள். அது கொசுவலையின் மறுமூலையைக் கிழித்தது. தேடிப் போனபோதெல்லாம் படையல் மேசையடியில்தான் இருந்தது. தட்டும் எப்போதும் காலியாகவே இருந்தது.

சாமி சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் ஜனங்கள் படையலைப் பெருக்கினார்கள். மூன்றாம் மாடி சாக்லேட் கேக் வைத்தது. ஐந்தாம் மாடி வெங்காய ஆம்லெட் வைத்தது. பிம்ஜைக்கு அந்த மேசை ஒரு விஷக்கடை மாதிரி தெரிந்தது. நாயைத் தடுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது. இனி மாற்றுவதற்குச் சாமியின் சாப்பாடு ஒன்றுதான் பாக்கி.

"அத்தை," என்றாள் காலையில், "என் கனவுல காவல்சாமி வந்தாரு."

அத்தை கையிலிருந்த ஊதுபத்தியை அவசரமாகச் செருகிவிட்டுத் திரும்பினாள். "என்ன சொன்னாரு?"

"உப்பு ஆகலையாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாமாம். வேக வச்ச கோழி, பூசணி, சர்க்கரைவள்ளி போதுமாம். அதையும் நகத்தளவா வெட்டி வைக்கணுமாம்."

"நகத்தளவா? ஏன்?"

"வயசாயிடுச்சுல்ல."

"பாவம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அத்தை, உடனே குரலைத் தாழ்த்தினாள். "நம்பர் சொன்னாரா?"

"எந்த நம்பர்?"

"அடியே, லாட்டரி நம்பர்! கனவுல வந்த சாமி சோத்துக்கு மட்டுமா வருவாரு?"

பிம்ஜையின் பார்வை கையிலிருந்த ஆட்டு நுரையீரல் பாக்கெட்டில் விழுந்தது. புரதம் அறுபத்திரண்டு சதவீதம்.

"அறுபத்திரண்டு."

அறுபத்திரண்டு விழுந்தது.

அதற்குப்பின் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பூசணி வந்தது. உப்பில்லாத கோழி மலையாகக் குவிந்தது. யாரோ ஒருவர் ஆட்டு நுரையீரலே கொண்டுவந்து வைத்தார். தட்டுகள் நிறைவதும் காலியாவதுமாக இருந்தன. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பிம்ஜை நினைக்கும்போதெல்லாம் சியாங் மாய் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. லுக்சுப்பைத் தூக்கிப் பார்க்கவே பயந்தாள்.

ரட்சனீ மேடம் நேராக விமான நிலையத்திலிருந்து வந்தார். காரின் டிக்கியிலிருந்து எடை மெஷினை எடுத்துக் கேட்டருகே வைத்தார். பிம்ஜை கண்களை மூடிக்கொண்டாள்.

"அதே எடை," என்றார் மேடம். "ஒரு கிராம்கூட ஏறலை! என் வீட்டுக்காரருக்கு இப்படிச் சமைக்க ஆள் கிடைச்சா தேவலை. சரி, கும்பிடச் சொல்லு."

பிம்ஜை ஒருநாளும் அதற்குக் கும்பிடக் கற்றுக்கொடுத்ததில்லை. "லுக்சுப்... கும்பிடு கண்ணு," என்றாள், அழுகுரலில்.

லுக்சுப் அவளைப் பார்த்தது. பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காவலாளிக் கூண்டைப் பார்த்துப் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைச் சேர்த்துக் குவித்தது.

"அடடா! வாட்ச்மேனுக்குக்கூட என்ன மரியாதை!" மேடம் கண்கலங்கிவிட்டார். "பிம், உன் மாறுதல்ல நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

கார் போயிற்று. பிம்ஜை கணவனுக்குப் போன் போடப் போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். அவ்வளவு கோழி. அவ்வளவு பூசணி. அதே எடை. படையல் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். தட்டு காலியாக இருந்தது.

தாவோன் மாமா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

"சியாங் மாய் போறியாமே, நல்லா இரும்மா," என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கனவு கண்டுட்டுப் போ. சாமிக்கு உப்பில்லாம சப்புன்னு இருக்காம், கொஞ்சம் மீன் சாஸ் கேட்டாருன்னு லமாய் அக்காகிட்ட சொல்லிடு."